தூதருக்காகப் போட்ட கையெழுத்து

தூதரம்மா எந்த நாட்டுக்கும் தூது போனவள் அல்ல. பக்கத்து ஊருக்குப் பேருந்து ஏறுவதென்றாலே இரண்டு நாள் யோசிக்கிறவள். ஆனால் அவள் அறையில் அட்டைப்பெட்டிகளுக்குள் நாற்பத்து மூன்று தூதர்கள் குடியிருந்தார்கள். பெரிய போருக்கு முன்னால் இந்தத் துறைமுக நகரத்தில் கொடி பறக்கவிட்டு, கோட்டும் தொப்பியுமாக உலாத்திவிட்டு, போர் வந்ததும் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு கப்பலேறிய தூதர்கள், துணைத்தூதர்கள், தூதரகச் செயலர்கள். அவர்கள் கையெழுத்திட்ட கடிதங்கள் மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு. தெரு சும்மா இருக்குமா, பெயர் வைத்துவிட்டது. வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். அவளோ அதைப் பட்டம்போல வாங்கிக்கொண்டு, யாராவது அப்படிக் கூப்பிட்டால் "சொல்லுங்க, என்ன வேணும்?" என்று அதிகாரமாகத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினாள். கேலி செய்தவர்களுக்குச் சப்பென்று போய்விட்டது.

இந்த மிடுக்கு பிறவியில் வந்ததல்ல. ஒரு காலத்தில் அவளும் தலையைக் குனிந்துகொண்டு தட்டச்சு செய்தவள்தான். துறைமுக அனுமதி அலுவலகத்தில் எழுத்தர் வேலை. சரக்கை இறக்கலாம், ஏற்றலாம், இந்த மாலுமி கரையில் தங்கலாம் என்று ஒரு நாளைக்கு எண்பது தொண்ணூறு காகிதங்கள் போகும். அத்தனைக்கும் அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். அந்த அதிகாரிக்குக் கை நடுக்கம். தேநீர்க் கோப்பையைத் தூக்கினால் பாதி சட்டையில்தான் போகும். ஒரு நாள் அவர் பேனாவை அவள் பக்கம் தள்ளி, "நீ போடும்மா, நான் பார்த்துக்கறேன்" என்றார். போட்டாள். மறுநாளும் போட்டாள். அப்படியே ஒன்பது வருஷம் ஓடிப்போயிற்று.

அவள் கையெழுத்துப் போட்டது குற்றமில்லை என்று நான் வாதாடப் போவதில்லை. அவளே வாதாடவில்லை. ஆனால் அவள் மாட்டிக்கொண்ட விதம்தான் வேடிக்கை. எழுத்தர் வேலையில் ஒருவரை நாலு வருஷம் உட்கார வைத்துவிட்டால், அப்புறம் அவர் தேதி போடாமல் ஒரு காகிதத்தையும் கையிலிருந்து விடமாட்டார். கை கூசும். அதிகாரியோ கையெழுத்தின் அடியில் ஒரு நாளும் தேதி போட்டவரில்லை. தணிக்கைக்கு வந்தவர்கள் தேதி உள்ளது ஒரு கட்டு, இல்லாதது ஒரு கட்டு என்று பிரித்து மேசையில் வைத்துவிட்டு, அதிகாரியைக் கூப்பிட்டு, "இதெல்லாம் உங்க கையெழுத்தா?" என்று கேட்டார்கள். இல்லை என்றார். யார் போட்டது தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்றார். கை நடுங்குகிற மனுஷன். கை கழுவும்போது மட்டும் நடுங்கவே இல்லை.

வேலைநீக்க உத்தரவில் 'போலிக் கையெழுத்திட்ட குற்றத்துக்காக' என்று எழுதியிருந்தது. அவளுக்கு வேலை போனதைவிட அந்தப் 'போலி' தான் உறுத்தியது. அவள் கையெழுத்துப் போட்ட அனுமதியில்தான் ஒன்பது வருஷம் கப்பல்கள் சரக்கு இறக்கின. அந்தச் சரக்கு போலியா, கப்பல் போலியா? இப்படிக் கேட்க அன்றைக்கு அவளுக்கு வாய் வரவில்லை. வீட்டில் ஒரு வாரம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். எட்டாம் நாள் எழுந்து, ஒரு பழைய தட்டச்சு இயந்திரத்தை ஏற்பாடு செய்து, அதே அலுவலகத்தின் வாசலுக்கு நேர் எதிரே, சாலைக்கு இந்தப் பக்கம், மேசை போட்டு உட்கார்ந்துவிட்டாள். மனு எழுதித் தருகிற வேலை. அதிகாரி ஓய்வு பெறும்வரை தினமும் காலையில் அவள் முகத்தில் விழித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. மூன்றாம் மாதமே அவர் பின்வாசல் வழியாக வரத் தொடங்கிவிட்டார் என்று காவலாளி சொன்னான். அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

மேசைக்குப் பக்கத்தில் ஒரு தபால்தலைக்காரர் கடை வைத்திருந்தார். பழைய வீடுகளைக் காலி செய்கிறவர்களிடமிருந்து உறை உறையாக வாங்கி வருவார். உறையை மட்டும் எடுத்துக்கொண்டு, உள்ளே இருக்கிற கடிதத்தைக் குப்பைக்கூடையில் போடுவார். "பழத்தை எறிஞ்சிட்டுத் தோலைத் திங்கிற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்" என்று அவள் சொல்வாள். "உங்களுக்குப் பழம் வேணும்னா கூடையோட எடுத்துக்குங்க" என்பார் அவர்.

ஒரு மத்தியானம் மனு எழுத ஆள் இல்லாமல், பொழுது போகாமல், அந்தக் கூடையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பார்த்தாள். போருக்கு முந்தின கடிதம். மேலே தூதரக முத்திரை. ஏதோ ஒரு வணிகருக்கு ஏதோ ஒரு நன்றி. கீழே கையெழுத்து. அதைப் பார்த்ததும் தூதரம்மா வாய்விட்டுச் சிரித்தாள். சாலையில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன ஆச்சு?" என்றார் தபால்தலைக்காரர்.

"இது தூதர் போட்டதில்லை. அவரோட எழுத்தர் போட்டது."

"எப்படித் தெரியும்?"

"ரொம்ப அழகா இருக்கு. சொந்தக்காரன் கிறுக்குவான். அடுத்தவன் கையெழுத்தைப் போடறவன்தான் பயந்து பயந்து ஒழுங்காப் போடுவான்."

அன்றிலிருந்து முப்பத்தொரு வருஷம். வீடு காலி செய்கிறவர்கள், பழைய காகிதக்காரர்கள், வாரம் ஒரு முறை கூடுகிற தபால்தலைச் சேகரிப்பாளர்கள் என்று ஓர் இடம் விடவில்லை. உறை வேண்டுகிறவர்களோடு இவளுக்குப் போட்டியே கிடையாது. அவர்கள் வேண்டாமென்று போடுவதுதான் இவளுக்கு வேண்டும். ஒவ்வொரு தூதருக்கும் ஒரு பெயர் வைத்தாள். வாலை நீட்டிக் கையெழுத்துப் போடுகிறவர் பட்டம் தூதர். பேனாவை அழுத்திக் காகிதத்தைக் கிழிக்கிறவர் கோபத் தூதர். முதல் எழுத்தைத் தூண்டில் கொக்கி மாதிரி வளைக்கிறவர் கொக்கித் தூதர். யார் எந்த வாரம் ஊரில் இல்லை, யாருக்கு எப்போது காய்ச்சல், யார் சண்டை போட்டுக்கொண்டு செயலரை மாற்றினார் என்பதெல்லாம் கையெழுத்தைப் பார்த்தே சொல்வாள். ஒரே வீட்டில் இருக்கிற தம்பி மனைவி அப்போதெல்லாம், "அக்காவுக்குச் செத்தவங்க வீட்டு விவகாரம் எல்லாம் தெரியும். நம்ம வீட்டுல உப்பு தீர்ந்தது மட்டும் தெரியாது" என்பாள். அது உண்மையும்கூட.

கொக்கித் தூதருடைய கடிதங்கள் அவளிடம் ஐம்பத்தாறு இருந்தன. அவற்றில் பதினேழில் கையெழுத்து எழுத்தருடையது; கூடையிலிருந்து முதன்முதலில் எடுத்ததும் அவற்றில் ஒன்று. போர் தொடங்குவதற்கு முந்தின மூன்று மாதங்களில் வந்தவை அந்தப் பதினேழும். ஒரு இசை ஆசிரியையும் அவளுடைய இரண்டு பெண்களும் எல்லையைக் கடக்க அனுமதிக்க வேண்டும் என்று ஒன்று. கப்பலில் இறந்துபோன மாலுமியின் பெட்டியை அவன் தாயிடம் சேர்க்க வேண்டும் என்று ஒன்று. சுங்கத்தில் நிற்கிற மருந்துப் பெட்டிகளை விடுவிக்க வேண்டும் என்று ஒன்று. கொக்கி ஒவ்வொன்றிலும் அச்சு வார்த்தாற்போல இருந்தது. அடியில் தேதி. தூதர் தேதி போடுகிற ஆளே இல்லை. முகம் தெரியாத அந்த எழுத்தருக்கும் கை கூசியிருக்கிறது.

தூதர் சொல்லித்தான் எழுத்தர் போட்டார் என்பதற்கும் அவளிடம் சாட்சி இருந்தது. தூதர் தன் மருத்துவருக்கு இடது கையால் எழுதிய ஒரு துண்டுக் கடிதம். எழுத்துகள் தள்ளாடிக்கொண்டு போகும். 'வலது கை போன மாதத்தோடு சரி. நான் சொல்லச் சொல்ல எழுத்தரே எழுதி, எனக்காக ஒப்பமும் இடுகிறார். இதுவரை எந்தக் கடிதமும் திரும்பி வரவில்லை.' அந்தத் துண்டைத் தேடிப் பிடிக்க அவளுக்குப் பதினோரு வருஷம் ஆனது. யார் பெற்ற பிள்ளையோ, அந்த எழுத்தரைப் பற்றி ஒரு மனுஷன் தன் கைப்பட நல்லபடியாக எழுதியிருக்கிறார் என்று அவளுக்கு அத்தனை சந்தோஷம். அதே அளவுக்குப் பொறாமையும் இருந்தது. பொறாமையை அவள் மறைத்ததில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்று அறிவிப்பு வரும்வரை. கட்டடம் பழசு, இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டும். தம்பி பார்த்த புது வீட்டில் இரண்டே அறை. அவன் நல்லவன், அக்காவை விட்டுவிட்டுப் போகிறவன் இல்லை. "அக்கா, உனக்குக் கட்டில் போட இடம் இருக்கு. பதினோரு பெட்டிக்கு எங்கே போறது? தூதருங்க நிக்கக்கூட இடம் இல்லை" என்றான். அவளுக்கும் புரிந்தது. நகர ஆவணக்காப்பகத்துக்கு எழுதினாள். சேகரிப்பை நன்கொடையாகத் தருகிறேன், ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள் என்று. அவர்கள் மகிழ்ச்சியோடு வண்டி அனுப்பிப் பெட்டிகளை எடுத்துப்போனார்கள். மூன்று வாரம் கழித்து, வந்து பட்டியலில் ஒப்பமிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள்.

ஆவணக்காப்பக இயக்குநர் கெட்டவர் இல்லை. வேலையென்றால் கொஞ்சம் ஒவ்வாமை, அவ்வளவுதான். பேச்செல்லாம் சர்க்கரை. அவள் வந்ததற்கு வருகைச் சீட்டு ஒன்றில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். மையில் விழுந்த ஈ நடந்துபோனது மாதிரி இருந்தது. அவர் மேசைக்கு ஓரமாக, தடித்த கண்ணாடி போட்ட ஓர் உதவியாளர் கோப்புகளோடு நின்றாள். ஐம்பத்தைந்து ஐம்பத்தாறு வயது இருக்கும். கேட்டால்தான் பேசுவாள்.

பட்டியலில் அறுநூற்றுப் பன்னிரண்டு வரிகள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே அசல் என்றோ போலி என்றோ எழுதியிருந்தது. ஐந்நூற்றுத் தொண்ணூற்றைந்து அசல். பதினேழு போலி.

"இந்தப் பதினேழையும் எழுத்தர் போட்டதுன்னு நான்தானே குறிச்சுக் குடுத்தேன்" என்றாள் தூதரம்மா.

"ஆமாம்மா. நீங்களே ஒத்துக்கிட்டீங்க. அதான் எங்களுக்கு வேலை சுலபமாப் போச்சு."

"எழுத்தர் போட்டதுன்னு சொன்னேன். போலின்னு சொல்லலையே. தூதர் எழுதின துண்டுக் கடிதம் பெட்டியில இருக்கு, பார்த்தீங்களா?"

"பார்த்தோம். ரொம்ப அருமையான கடிதம், அது அசல்ல சேர்த்தாச்சு. ஆனா படிவத்துல ரெண்டே கட்டம்தாம்மா இருக்கு. சொந்தக் கையால போட்டா அசல். பிறர் கைன்னா போலி. விதி அப்படி."

"போலின்னு எழுதினதை என்ன பண்ணுவீங்க?"

"சேகரிப்பிலிருந்து நீக்கிடுவோம். கழிவுல போகும். நீங்க இங்கே ஒரு ஒப்பம் போட்டாப் போதும், போலின்னு ஒப்புக்கொண்டதா."

தூதரம்மா பேனாவைத் தொடவில்லை. "ஒரு தடவை இந்தச் சொல்லை என் தலையில எழுதினாங்க. அப்போ நான் வாயை மூடிட்டு வீட்டுக்குப் போனேன். இப்போ என் கையால இன்னொருத்தர் தலையில எழுதச் சொல்றீங்க. நடக்காது சார்" என்றாள். போலி என்பதை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் எல்லாப் பெட்டிகளையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றும் சொன்னாள். இயக்குநர் பதறாமல், எழுத்துமூலமாகப் பதில் அனுப்புகிறேன், யோசித்துச் சொல்லுங்கள் என்று எழுந்து கைகூப்பினார்.

வீட்டில் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். "அறுநூறு காகிதத்துக்கு ஒரு பாதுகாப்பான இடம் கிடைக்குது. பதினேழுக்காக அத்தனையையும் தெருவுல நிறுத்துவியா? நியாயமாச் சொல்லு."

"நியாயமாத்தான் சொல்றேன்."

"அக்கா, அந்த எழுத்தர் செத்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். போலின்னு எழுதினா அவருக்கு வலிக்கப் போகுதா?" என்றாள் தம்பி மனைவி. குத்தலாகச் சொல்லவில்லை; நிஜமாகவே கேட்டாள்.

எனக்கு வலிக்கும் என்று சொல்லத் தூதரம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. காலி செய்ய ஒன்பது நாள்தான் பாக்கி. வீட்டில் எல்லாச் சாமானும் மூட்டையாகிவிட்டது. தன்னால் இன்னொருவர் வீட்டில் இடைஞ்சல் என்ற நினைப்பு அவளை அரித்தது. கடிதம் வந்த மத்தியானம் அவள் பாதி மனதோடு ஒப்பமிடத் தயாராகவே இருந்தாள். அதை ஒளிக்க வேண்டியதில்லை, எல்லோரும்தான் களைத்துப்போகிறோம்.

கடிதம் சுருக்கமாக இருந்தது. 'பிறர் கையால் இடப்பட்ட ஒப்பங்கள் போலியானவை என்பதாலும், போலி ஒப்பம் கொண்ட எந்தக் காகிதமும் ஆவணமாகச் செல்லாது என்பதாலும், தங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை.' கீழே இயக்குநர் கையெழுத்து. தூதரம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய், கைப்பையிலிருந்த வருகைச் சீட்டை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள். சீட்டில் ஈ நடந்திருந்தது. கடிதத்தில் ஒவ்வொரு வளைவும் முத்து முத்தாக இருந்தது. அடியில் சிறியதாகத் தேதி.

அவள் சிரித்த சிரிப்பில் தம்பி மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் தபால்தலைக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "ஜெயிச்சுட்டீங்க. மேலிடத்துக்கு ஒரு நகல் அனுப்புங்க. அவர் விதிப்படியே அவர் கடிதம் செல்லாது. ஆளு அசந்துடுவாரு."

"அசந்தவர் என்ன பண்ணுவாரு?"

"என்ன பண்ணுவாரு, எனக்குத் தெரியாதுன்னு சொல்லுவாரு."

"அப்போ இதைப் போட்ட அந்தக் கண்ணாடிக்காரம்மா?"

தபால்தலைக்காரர் மெதுவாக உட்கார்ந்தார். அவள் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். வெற்றி கையில் இருந்தது. ஆனால் அதைத் தூக்கிப் போட்டால் முதலில் விழப்போவது ஓய்வுக்கு இரண்டு மூன்று வருஷமே இருக்கிற ஒரு பெண்பிள்ளையின் தலையில். அப்படிச் செய்தால் அன்றைக்கு வந்த தணிக்கைக்காரர்களுக்கும் இவளுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் காலை புடவையை மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு ஆவணக்காப்பகத்துக்குப் போனாள். யாருக்கும் நகல் அனுப்பவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை.

இயக்குநர் அறையில் உதவியாளரும் இருந்தாள். தூதரம்மா கடிதத்தைப் பிரித்து மேசையில் வைத்தாள். சண்டைக்கு வந்ததாகக் காட்டிக்கொள்ளாமல், "ஒரே ஒரு சந்தேகம் சார். இது உங்க கையெழுத்துதானா?" என்று கேட்டாள்.

உதவியாளர் கையிலிருந்த கோப்பின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டுவது நின்றது.

"இதென்ன கேள்வி? என் பேர்தானே இருக்கு."

"பேரு இருக்கு. கையெழுத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

இயக்குநர் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகத்திலிருந்த சர்க்கரை கரைந்தது. நிமிர்ந்து தூதரம்மாவைப் பார்த்தார், உதவியாளரைப் பார்த்தார், மறுபடி கடிதத்தைப் பார்த்தார். உதவியாளரின் முகம் வெளுத்துப்போயிருந்தது. அவள் வாதாடமாட்டாள் என்பது தூதரம்மாவுக்குத் தெரியும். அந்த நிலையில் வாய் வராது. தான் கேட்டது தணிக்கைக்காரர்கள் அன்றைக்குக் கேட்ட அதே கேள்வி என்று அப்போதுதான் உறைத்தது. இந்த ஆளும் 'என்னுது இல்லை' என்று சொல்லிவிட்டால், கடிதத்தைப் பிடுங்கி இங்கேயே கிழித்துவிடுவது என்று கையைத் தயாராக வைத்துக்கொண்டாள். பதினேழும் போனால் போகட்டும்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். மெதுவாக, "என்னுதுதான்" என்றார்.

"நீங்க போட்டதா?"

"நான் போடச் சொன்னது. நான் சொல்லிப் போட்டா அது என்னுதுதாம்மா. இவங்களை இதுல இழுக்காதீங்க."

தூதரம்மாவுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இவ்வளவுதானா? ஒரு மனுஷன் கண்ணாடியைத் துடைத்து மாட்டுகிற நேரத்தில் சொல்லி முடிக்கிற விஷயமா இது? இதைச் சொல்ல மனமில்லாமல்தானா ஒருவர் பின்வாசல் வழியாக வந்துபோனார்? உதவியாளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தூதரம்மா முழுவதையும் குடித்தாள்.

"நல்லதா ஒரு வார்த்தை சொன்னீங்க சார்" என்றாள். "இதையேதான் கொக்கித் தூதரும் இடது கையால எழுதி வெச்சிருக்காரு. உங்களுக்கு ஒரு நியாயம், அவருக்கு ஒரு நியாயமா?"

"படிவத்துல ரெண்டு கட்டம்தான்..."

"கட்டத்தை யாரு மாத்தச் சொன்னா? போலின்னு இருக்கிறதை அடிச்சுட்டு, பக்கத்துல 'தூதருக்காக'ன்னு எழுதுங்க. ஒவ்வொரு ஆபீசிலும் தினம் எழுதுற சொல்லுதானே."

இயக்குநர் கொஞ்ச நேரம் விரலால் மேசையைத் தட்டினார். அந்தக் கடிதத்தை ஒரு தரம் பார்த்தார். அவள் அதை மிரட்டலாக நீட்டவில்லை. ஆனால் திருப்பி எடுத்துப் பைக்குள் வைக்கவும் இல்லை. அவர் பெருமூச்சு விட்டு, "பட்டியலைக் கொண்டாங்க" என்றார்.

உதவியாளர் கொண்டுவந்தாள். இயக்குநர் முதல் போலியை அடித்து, 'தூதருக்காக' என்று எழுதிவிட்டு, அடுத்த வரிக்குப் போனார்.

"அடித்தல் திருத்தலுக்குச் சுருக்கொப்பம் வேணும் சார்" என்றாள் தூதரம்மா. "இல்லேன்னா நாளைக்கே ஒருத்தர் வந்து இதையும் போலிம்பாரு."

அது விதி. திருத்திய ஒவ்வொரு இடத்திலும் திருத்தியவர் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட வேண்டும். விதி பேசியவர் விதியை மறுக்க முடியவில்லை. இசை ஆசிரியைக்கு ஒரு சுருக்கொப்பம், மாலுமியின் பெட்டிக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று. அறுநூறு வரிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்ததால் ஒவ்வொன்றையும் தேடிப் புரட்ட வேண்டியிருந்தது. அப்படி வேலை செய்து அவருக்கு எத்தனை நாளாயிற்றோ. ஆறாவதை முடித்துவிட்டு விரல்களை உதறினார். பிறகு, பழக்கதோஷம், பட்டியலை அப்படியே உதவியாளர் பக்கம் தள்ளிவிட்டு, "மிச்சத்தை நீங்களே முடிச்சிடுங்கம்மா" என்று தேநீரை எடுத்துக்கொண்டார்.

தூதரம்மா வாயைத் திறக்கப்போனாள். அதற்குள் உதவியாளர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். அந்த அறையில் அவள் உட்கார்ந்து தூதரம்மா பார்த்ததில்லை. ஏழாவது போலியைத் தேடி எடுத்து, ஒரே கோடாக அடித்தாள். 'தூதருக்காக' என்று எழுதினாள். பிறகு கொஞ்சமும் பயப்படாமல், வளைவு எதையும் பார்த்துப் பார்த்துப் போடாமல், சரசரவென்று ஏதோ கிறுக்கினாள்.

இயக்குநர் எட்டிப் பார்த்தார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்னம்மா போட்டிருக்கீங்க? இது என் சுருக்கொப்பம் இல்லையே."

"என்னுது சார். மேல 'இயக்குநருக்காக'ன்னு எழுதியிருக்கேன்."

அவர் பட்டியலைத் தன் பக்கம் இழுத்தார். அவள் முழங்கையை அதன்மேல் ஊன்றியிருந்தாள், தாள் நகரவில்லை.

"இன்னும் பத்து இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.